வாசல் கதவுக்கு எந்த மோட்டார்?

அத்தியாயம் 17

அங்கமுத்துவின் நெஞ்சில் வந்தது வாயு இல்லை என்பதைப் போன வாரமே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மட்டும் மூன்று மணி நேரமும் ஓர் ஆம்புலன்ஸும் தேவைப்பட்டன. சிங்கப்பூரில் செம்பவாங் வீட்டு வாசலில், தன் கையால் செய்த இரும்புக் கதவைத் தள்ளும்போதே சரிந்தவர், ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுகூட, "ஒரு சோடா குடிச்சா சரியாயிடும் லா" என்றுதான் சொன்னார்.

வியாழக்கிழமை ஸ்டென்ட் வைத்தார்கள். ஞாயிறு காலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு எதையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். எழுபத்து நாலு வயது அங்கமுத்து நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

விசாலாட்சி அந்தத் தலையாட்டலை நாற்பத்தேழு வருஷமாகப் பார்க்கிறவள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டாக்ஸியிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக மனிதர் கதவில் கை வைப்பார். ஓய்வுபெற்ற நர்ஸ் அவள். இன்னொரு தடவை அவர் அங்கே சரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் கார் ஓட்டுவது விசாலாட்சிதான். அங்கமுத்துவுக்கு லைசென்ஸே கிடையாது. அவர் வேலை கதவு திறப்பது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், கதவைத் திறந்து, சாலையில் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, கப்பலைத் துறையிலிருந்து வெளியே எடுப்பவர்போல் இரண்டு கையையும் ஆட்டுவார். அவள் ரிவர்ஸில் வருவாள். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து கார் உள்ளே, அவள் வெளியே. சின்ன வாசல் வழியாக ஆள் போகலாம், கார் போகுமா? அதனால் ஞாயிறு காலைக்குள் கதவுக்கு மோட்டார் மாட்டியாக வேண்டும். இதில் என்ன சிக்கல் என்று கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு குண்டூசி வாங்கினாலும் சிக்கல்தான்.

சிக்கலுக்கு முதல் பெயர் அருண்ராஜ். செங்காங்கில் இருக்கும் ஒரே மகன், வயது நாற்பத்து மூன்று. அப்பா ஆபரேஷன் அறைக்குள் இருந்த இரண்டு மணி நேரத்தில், வெளியே உட்கார்ந்து பதினாறு வகை மோட்டாரை ஒப்பிட்டு அட்டவணை போட்டுவிட்டான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒன்றை ஆர்டரும் செய்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, லிட்டில் இந்தியாவில் டெஸ்கர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஜலாலுதீனின் கதவு மோட்டார் கடையில் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தான். கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றியதில் ஏற்கெனவே அவனுக்கு முகம் சிவந்திருந்தது.

"மாட்டிக் குடுத்தா போதும் அங்கிள். வைஃபை இருக்கு, ஆப் இருக்கு, ஃபோர் பாயிண்ட் ஃபைவ் ஸ்டார்."

ஜலாலுதீன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி அருண்ராஜைப் பார்த்தார்.

"எதுக்கு வாங்குனீங்க தம்பி? நாய்க் கூண்டுக்கா?"

மகனோடு வந்திருந்த விசாலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் வந்த முதல் சிரிப்பு.

"ஒரு கதவு நூற்றம்பது கிலோ வரைக்கும் இழுக்கும்னு போட்டிருக்கு. எங்க கதவு ஒரு பக்கம் நூற்றிருபதுதான். அப்பாவே சொன்னார்."

"அப்பா எடை போட்டாரா?"

"அவர்தான் அங்கிள் செஞ்சதே!"

ஜலாலுதீன் விசாலாட்சி பக்கம் திரும்பினார். முப்பது வருஷமாகக் கதவு வேலை செய்கிறவர். பேச்சு யாரிடம் முடியும் என்று கடைக்குள் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

"அக்கா, மோட்டார் வாங்குறது மாப்பிள்ளை பாக்குற மாதிரி. ஆளு பளபளன்னு இருக்கானான்னு பாக்கக் கூடாது. எவ்வளவு சுமப்பான்னு பாக்கணும். உங்க வாசல் எப்படி? பக்கத்துல கதவு ஓடுறதுக்கு இடம் இருக்கா?"

"எங்க பாய் இடம்? வரிசை வீடு. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர்."

"அப்ப ஸ்லைடிங் இல்ல. தரைக்கு அடியில புதைக்கிற மோட்டார் இருக்கு, வெளிய தெரியாது, அழகா இருக்கும். மழை பெஞ்சா உங்க வாசல்ல தண்ணி நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப அதுவும் வேணாம். மோட்டார் நீச்சல் கத்துக்கிட்டா பாக்கலாம். மடிச்சு மடிச்சுத் தொறக்குற அலுமினியக் கதவு போடலாம், ஆனா இந்தக் கதவையே கழட்டிப் போடணும், செய்ய ரெண்டு வாரம் ஆகும். நாளைக்கே வேணும்னா கை மாதிரி நீட்டி இழுக்குற ஆர்ம் மோட்டார்தான். அதுக்குக் கதவு கனம் தெரியணும், கதவு காத்தைத் தடுக்குதான்னு தெரியணும். கம்பியா, தகடா?"

"தகடு. இந்தப் பக்கமும் தகடு, அந்தப் பக்கமும் தகடு."

"ரெண்டு பக்கமுமா?" ஜலாலுதீன் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப நூற்றிருபது இருக்காதே அக்கா."

அந்த நேரம் பார்த்து விசாலாட்சியின் போன் அடித்தது. வார்டிலிருந்து அங்கமுத்து. காலையிலிருந்து இது நாலாவது.

"எங்க இருக்க?"

"ஜலாலுதீன் பாய் கடையில."

"மோட்டார் எல்லாம் எதுக்கு விசாலம்? ஆறு வாரம்தானே? எதிர் வீட்டுப் பையன்கிட்ட சொன்னா வந்து தள்ளிட்டுப் போறான்."

"எதிர் வீட்டுப் பையன் ஆஸ்திரேலியாவுல படிக்கிறான். நீங்க இட்லி சாப்பிட்டீங்களா?"

"இட்லியா இது? வெல்டிங் பண்ணலாம். கேளு, மோட்டார் வாங்குறதுன்னா வாங்கு. ஆனா பாயை வீட்டுக்கு வரச் சொல்லாத. கதவுல கை வைக்க விடாத. நான் வந்து நானே மாட்டிக்குறேன்."

"நீங்க வந்து மாட்டப் போறீங்களா? ஸ்டென்டை யாரு மாட்டுவா?"

"நூற்றிருபது கிலோன்னு சொல்லு. போதும்."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். எவ்வளவு கனம் என்று கேட்டால் பதில் சொல்லலாம். யாரும் கேட்காமலே ஒருவர் நாலு தடவை போன் போட்டு நூற்றிருபது நூற்றிருபது என்றால் என்ன அர்த்தம்? அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அங்கமுத்துவுக்கு எல்லாக் காரியத்திலும் நாலு போன் உண்டு.

"பாய், நீங்க வீட்டுக்கு வாங்க," என்றாள்.

* * *

பன்னிரண்டரைக்கு ஜலாலுதீனின் வேன் செம்பவாங் வீட்டு வாசலில் நின்றது. மனிதர் இறங்கி முதலில் கதவைக் கண்ணால் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார். பிறகு இரண்டு கையாலும் தள்ளினார். கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்து, அவரைத் திரும்பத் தள்ளியது.

"இதை அந்த ஐயாவா தினம் தொறந்தாரு?"

"தினம். அவருக்கு அதோட நெளிவு சுளிவு தெரியும். நானும் நேத்து ட்ரை பண்ணேன் அங்கிள், நகரல," என்றான் அருண்ராஜ். வாரத்தில் நாலு நாள் ஜிம்முக்குப் போகிறவன். "துருப் பிடிச்சிருக்கு போல."

"கீல்ல துரு இல்ல தம்பி. கீலு வெண்ணெய் மாதிரி சுத்துது, நல்ல பேரிங் போட்டிருக்காரு. எடை போடாம நான் எதையும் மாட்ட மாட்டேன். வாங்க, ஒரு கை பிடிங்க."

ஒரு கை என்று சொன்னாலும் அருண்ராஜின் இரண்டு கையும் முதுகும் அதில் போயின. மூன்று கால் ஸ்டாண்டு வைத்து, சங்கிலிக் கப்பி மாட்டி, நடுவில் எடைக் கருவியைத் தொங்கவிட்டு, இடது கதவைக் கீலிலிருந்து மெல்லத் தூக்கினார்கள். அருண்ராஜ் சங்கிலியை இழுத்துக்கொண்டே, தான் மேனேஜர் என்பதை இரண்டு முறை ஞாபகப்படுத்தினான். ஜலாலுதீன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எடைக் கருவியில் எண் ஏறியது. நூற்றிருபதைத் தாண்டியது. இருநூற்றைத் தாண்டியது. கதவு தரையை விட்டு எழும்பியபோது 388-இல் நின்றது.

"கருவி ரிப்பேர்," என்றான் அருண்ராஜ்.

இறக்கி, மறுபடி தூக்கினார்கள். 388.

"ஒரு பக்கம் மட்டும்," என்றார் ஜலாலுதீன். "இந்தக் கனத்துக்கு வீட்டு மோட்டாரே கிடையாது. கிடங்குக்கு மாட்டுற மோட்டார் வேணும். அதை மாட்டணும்னா உங்க தூணை இடிச்சுக் கட்டணும்."

அவர் குனிந்து, கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் வியாபாரி இல்லை; புரியாத ஒரு மனிதர் இருந்தார்.

"அக்கா, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இரும்புப் பட்டையா அடுக்கி வெச்சு வெல்டிங் பண்ணியிருக்காரு. புத்தகம் அடுக்கின மாதிரி. வேலை ரொம்ப சுத்தம். ஆனா எதுக்கு? கதவுக்கு அது பலம் இல்ல, சும்மா பாரம். வெளித் தகடு பழசு, உள்தகடு அப்புறமா வெச்சது. வெல்டிங்கைப் பாத்தாலே தெரியுது. யாராவது வந்து சுடுவாங்கன்னு பயந்தாரா?"

"திருடன் பயமா இருக்கும்," என்றான் அருண்ராஜ்.

"திருடன் சின்ன வாசல்ல ஏறிக் குதிப்பான் தம்பி. இடுப்பு உயரம்தானே இருக்கு."

 உள்தகடு எப்போது வந்தது என்று விசாலாட்சிக்குத் தெரியும்.

2003. சார்ஸ் காய்ச்சல் பரவிய வருஷம். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அங்கமுத்துவைப் பட்டறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் மனிதர் வீட்டில். அவளுக்கு வார்டில் மூச்சு விட நேரமில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எப்போது திரும்புவாள் என்று தெரியாது. அந்த நாட்களில்தான் அவர் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து கதவுக்கு உள்தகடு வைத்தார். எங்கிருந்தோ கழிவு இரும்பு வாங்கி வந்தார். கேட்டதற்கு, "பலமா இருக்கட்டும்" என்றார். வேலை போன மனிதருக்குக் கை ஓட ஒன்று கிடைத்ததே என்று அவள் சந்தோஷப்பட்டாள். பக்கத்தில் காப்பி கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கு முன்னால் அவளே கதவைத் திறப்பாள். தோளில் பை, ஒரு கையில் சாவி, இடுப்பால் ஒரு தள்ளு. திறந்துவிடும்.

அதற்குப் பிறகு முடியவில்லை. ஒரு நாள் தள்ளிப் பார்த்தாள், இரண்டு நாள் தள்ளிப் பார்த்தாள், மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டாள். அவர் பனியனோடு ஓடி வந்தார். "உனக்கு வயசாகுது விசாலம்" என்றார்.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு. அவள் அதை நம்பினாள். கால்சியம் மாத்திரை வாங்கித் தின்றாள். தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். வார்டில் தொண்ணூறு கிலோ நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தவள், வீட்டு வாசலில் தனக்குத் தெம்பில்லை என்று இருபத்திரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா? ஆர் யூ ஓகே?"

"கார் எடு," என்றாள். "விசிட்டிங் டைம் ஆயிடுச்சு."

* * *

அங்கமுத்து தலையணையில் சாய்ந்து, நர்ஸிடம் கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போடும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும், "சாவி எங்க வெச்ச?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விசாலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கை தானாகப் போய் அவர் மணிக்கட்டில் நாடி பார்த்தது.

"கதவு எத்தனை கிலோ?"

"அதான் சொன்னேனே. நூற்றிருபது."

"பாய் எடை போட்டாரு. முந்நூற்று எண்பத்தெட்டு."

அங்கமுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். "தராசு சரியா இருந்துச்சா?"

"ரெண்டு தடவை போட்டாரு. உள்ள டார்ச் அடிச்சும் பாத்தாரு."

அவள் விரலுக்குக் கீழே நாடி வேகமாகியது. தலைமாட்டில் மானிட்டரில் எண் எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு ஏறியது. இது என்ன தண்டனை பாருங்கள். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கத்த நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது. எதிரில் இருக்கும் ஆளுக்கு நெஞ்சில் மூன்று நாள் ஸ்டென்ட். கத்தினால் மெஷின் கூவும், நர்ஸ் ஓடி வருவாள். விசாலாட்சி குரலை மருந்துச் சீட்டு படிக்கிற அளவுக்கு இறக்கிக்கொண்டாள்.

"எதுக்கு அடுக்குனீங்க?"

 அருண்ராஜ் போனை எடுத்து, பார்த்து, மறுபடி பையில் போட்டான்.

"வேலை போன மாசம்," என்றார் அங்கமுத்து. "நீ அஞ்சரைக்குக் கிளம்புவ. நீயே எந்திரிப்ப, நீயே டீ போடுவ, நீயே கதவத் தொறந்து, நீயே மூடிட்டுப் போவ. நான் படுத்துக்கிட்டே சத்தம் கேட்டுக்கிட்டு இருப்பேன். எந்திரிச்சு என்ன பண்ணப் போறேன்? ஒரு நாள் கீல்ல கல்லு மாட்டிக்கிச்சு. என்னங்க, வந்து தள்ளுங்கன்னு கூப்பிட்ட. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. அன்னிக்கு முழுக்க நல்லா இருந்துச்சு."

"அதனால இரும்பு வெச்சீங்க."

"முதல்ல கொஞ்சம்தான் வெச்சேன். நீ அதையும் தள்ளிட்ட." அவர் குரலில் அந்த நிலையிலும் லேசாக ஒரு பெருமை இருந்தது. "அப்புறம் இன்னும் வெச்சேன். வேற வேலை கிடைச்சதும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"கிடைக்கல."

"கிடைக்கல."

நாடி தொண்ணூற்று எட்டு. விசாலாட்சி கையை எடுத்துக்கொண்டாள். இதுவரை சொன்னதை அவளால் விழுங்க முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பாதியை மன்னித்தும்விட்டாள். வேலை போன ஆண்கள் என்னென்ன செய்வார்கள் என்று வார்டில் பார்த்தவள் அவள். குடிக்காமல், அடிக்காமல், கதவுக்குள் இரும்பு அடுக்கிய மனிதரை என்ன செய்வது? ஆனால் இன்னொன்று மீதி இருந்தது.

"வைதேகி போன அன்னிக்கு?"

அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

வைதேகி விசாலாட்சியின் தங்கை. கேலாங் ஈஸ்ட்டில் சிவன் கோயிலுக்குப் பக்கத்து பிளாக்கில் இருந்தவள். 2012-இல் ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, உடனே வரச் சொல்லி. அங்கமுத்து முதல் நாள்தான் ஒரு கல்யாணத்துக்கு எல்லை தாண்டி ஜொகூர் போயிருந்தார். வெளியே கொட்டும் மழை. விசாலாட்சி காரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். தோளால் தள்ளினாள், முதுகால் தள்ளினாள். கால் வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி தள்ளினாள். டாக்ஸி வர நாற்பது நிமிஷம் ஆனது. அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் முகத்தை மூடியிருந்தார்கள். "அக்கா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். தன் வேலைக் காலத்தில் விசாலாட்சியே எத்தனையோ குடும்பத்துக்குச் சொன்ன வாக்கியம்தான் அது.

"ஜொகூர்ல இருந்து வந்தீங்க," என்றாள். "மழையில இறுகிப்போச்சு விசாலம்னு சொன்னீங்க. காரியம் முடிஞ்ச மறுநாள் என் முன்னாடி உக்காந்து கீலுக்கு கிரீஸ் வெச்சீங்க. நான் துணி எடுத்துக் குடுத்தேன்."

"அன்னிக்கே எடுத்திருக்கணும்."

"ஏன் எடுக்கல?"

"எடுத்தா கதவு லேசாயிடும். ஏன் லேசாச்சுன்னு நீ கேட்டிருப்ப."

விசாலாட்சி எழுந்தாள். மானிட்டரைப் பார்த்தாள். நூற்றிரண்டு. மெஷின் இன்னும் கூவவில்லை. அவர் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து ஒழுங்காகப் போர்த்தினாள், டிரிப் வேகத்தைச் சரிபார்த்தாள். நோயாளிக்குச் செய்ய வேண்டியது எல்லாம் செய்தாயிற்று.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற அருண்ராஜ், எப்போதும்போல் தப்பான நேரத்தில் சரிசெய்யக் கிளம்பினான்.

"அப்பா, லிசன். பாய் அங்கிள் உள்ள இருக்குற இரும்பை எல்லாம் எடுத்துடுவார். மோட்டார் வந்ததும் நீங்க தள்ளவே வேணாம். சோபாவுல உக்காந்து பட்டனை அமுக்குங்க, கதவு தொறக்கும். அம்மாவுக்கு நீங்கதான் எப்பவும்போல தொறந்து விடுவீங்க. ஓகே லா? எல்லாம் பழைய மாதிரியே."

அங்கமுத்து கண் திறந்து மனைவியைப் பார்த்தார். எழுபத்து நாலு வயது முகத்தில் அப்படி ஓர் ஆசை வந்ததை அருண்ராஜ் அதற்கு முன் பார்த்ததில்லை. அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

"ராத்திரி மாத்திரையைத் தண்ணி நிறைய குடிச்சுப் போடுங்க," என்றாள் விசாலாட்சி. திரும்பிப் பார்க்காமல் லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

* * *

கார் விரைவுச்சாலையில் ஏறியது. அருண்ராஜ் இரண்டு தடவை ரேடியோவைப் போட்டு அணைத்தான்.

"நாளைக்கு பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ்," என்றான் கடைசியில். "நான் போய்க் கூட்டிட்டு வரேன். நீங்க வீட்லயே இருங்க."

"எந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வருவ?"

"வாட் டு யூ மீன் எந்த வீடு?"

அவள் மடியில் இருந்த போன் அடித்தது. அங்கமுத்து என்று நினைத்து அவள் எடுக்கவில்லை. அருண்ராஜ் எட்டிப் பார்த்து ஸ்பீக்கரில் போட்டான். ஜலாலுதீன். பின்னால் அரைக்கும் மெஷின் சத்தம் கேட்டது.

"அக்கா, நாளைக்கே முடியணும்னா இப்பவே தகட்டை வெட்டணும். அதான் கேக்குறேன். உள்ள இருக்குற இரும்பு எல்லாத்தையும் எடுத்துடவா? ஐயா அப்புறம் சத்தம் போட மாட்டாரே?"

"எடுத்துடுங்க பாய். ஒரு துண்டு மிச்சம் வைக்காதீங்க. உள்தகடும் வேணாம்."

"அப்ப நூற்றிருபதுக்குள்ள வந்துடும். தம்பி வாங்குன மோட்டாரே போதும்தான், ஆனா அதுல பேட்டரி இல்ல. கரண்டு போச்சுன்னா கதவு அப்படியே நின்னுடும். என்கிட்ட பேட்டரி வெச்சது ஒண்ணு இருக்கு. வைஃபை, ஆப் எதுவும் கிடையாது. கரண்டு இல்லாட்டியும் தொறக்கும், மழை பெஞ்சாலும் தொறக்கும். எதை மாட்டட்டும்?"

"அம்மா, ஆப் இருந்தா ஆபீஸ்ல இருந்தே நான்..." என்று அருண்ராஜ் தொடங்கினான்.

"நீ ரோட்டைப் பாரு. பேட்டரி வெச்சதை மாட்டுங்க பாய்."

"சரிக்கா. அவசரத்துக்குக் கையால தொறக்க ஒரு சாவி இருக்கு, அதை நாளைக்குக் காட்டித் தரேன். சின்னப் பிள்ளைகூடத் தொறக்கலாம். அப்புறம் ரிமோட். வழக்கமா ரெண்டு குடுப்போம். ஒண்ணு உங்க கார்ல, இன்னொண்ணு ஐயா கையில. ரெண்டையும் இப்பவே செட் பண்ணிடவா?"

விசாலாட்சி முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலாலுதீன் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"ஒண்ணு போதும் பாய்," என்றாள்.